மரத்தை அனுப்பாமல் ஆளை ஏன் அனுப்பினார்கள்? கனடியக் காட்டுப் படை பற்றி

கேள்வி கேட்ட நண்பர் முதல் உலகப் போர்க்காலப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். ராணுவச் சீருடை அணிந்த இருபது முப்பது பேர், துப்பாக்கி இல்லாமல், கையில் கோடாலியும் நீள ரம்பமுமாக ஒரு பெரிய மரக்குவியலுக்கு முன்னால் நிற்கிறார்கள். அடியில் "கனடியக் காட்டுப் படை, பிரான்ஸ்" என்று எழுதியிருக்கிறது. "அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி மரம் வெட்டவா ஆள் அனுப்பினார்கள்? கனடாவில் இல்லாத மரமா? வெட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கலாமே?" என்பது அவர் கேள்வி. கடைசியாக "இவர்களை உண்மையில் சிப்பாய்கள் என்று சொல்லலாமா?" என்றும் கேட்டிருக்கிறார். கப்பல் கணக்கு ஒரு கேள்வி, மரியாதை பற்றியது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் அவர் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்வியைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி தேக்குக் கூப்புகளிலும் (மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதிகள்) மர டிப்போக்களிலும் போனது. எந்த மரத்தை வெட்டலாம் என்று குறிபோடுவதில் தொடங்கி, அது விழுந்து, துண்டாகி, அளக்கப்பட்டு, ஏலத்தில் போகும்வரை கூடவே நின்றவன். ராணுவ வரலாறு எனக்குப் படிப்பால் வந்தது, மரம் கைப்பழக்கத்தால் வந்தது. அதனால் தளபதிகளின் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மரத்தின் பக்கம் நின்று சொல்கிறேன்.

போர் எவ்வளவு மரம் தின்னும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த மண்ணில் பதுங்குகுழி வெட்டினால் இரு பக்கச் சுவரும் சரியாமல் பலகை கொடுத்து நிறுத்தவேண்டும். அடியில் சேற்றில் கால் புதையாமல் நடக்க, சட்டத்தின்மேல் குறுக்குப்பட்டி அடித்த நடைபலகை போடவேண்டும். முள்கம்பி கட்ட முளை வேண்டும். பீரங்கி வண்டி போக, பலகையை அடுக்கிச் சாலை போடவேண்டும். 1917-இல் பாஷன்டேல் சண்டையில் அந்தப் பலகைப் பாதையை விட்டு விலகி விழுந்தவர்கள் சேற்றிலேயே மூழ்கிப் போயிருக்கிறார்கள். இதற்குமேல் குண்டுப் பெட்டி, ரயில்பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை, தந்திக் கம்பம், படைவீரர் தங்கும் கொட்டகை, மருத்துவமனை, விமானக் கொட்டகை, சவப்பெட்டி, கல்லறைச் சிலுவை. இவை போர்முனைக்குப் போனவை மட்டும். உள்நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இடியாமல் இருக்க முட்டுக்கட்டை வேண்டும். முட்டு இல்லையென்றால் கரி இல்லை, கரி இல்லையென்றால் எஃகு இல்லை, எஃகு இல்லாமல் பீரங்கியும் கப்பலும் ஏது?

இவ்வளவு தேவையோடு போரில் இறங்கிய பிரிட்டனிடம் காடு என்று சொல்ல அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் மரம் இருந்தது. தேவையில் மிகப் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்தும் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து பக்கமிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் பால்டிக் கடல் வழியை ஜெர்மனி அடைத்துவிட்டது. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடிக்கத் தொடங்கின. மிஞ்சிய கப்பலில் எதை ஏற்றுவது? கோதுமையா, குண்டா, மரமா?

இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மரம் இடத்தை அடைக்கிற சரக்கு. ஒரு கன மீட்டர் பச்சைப் பைன் மரம் சுமார் 800 கிலோவிலிருந்து ஒரு டன்வரை எடை நிற்கும். அறுத்துக் காயவைத்தால் எடை பாதியாகக் குறையலாம், ஆனால் அது பிடிக்கிற இடம் குறையாது. ஒரு மரவெட்டியைக் கப்பலில் ஏற்றினால் அவன், அவன் மூட்டை, அவன் கோடாலி, அத்தோடு சரி. ஒருமுறை இறக்கிவிட்டால், கையில் நல்ல ரம்பம் இருந்தால், அவனும் அவன் கூட்டாளியும் சில நாட்களிலேயே தாங்கள் இருவரும் வந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிற மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். அதன்பிறகு அவர்கள் வெட்டுகிற ஒவ்வொரு மரமும் கோதுமைக்கும் குண்டுக்கும் இடம் விடுகிற மரம். பிரான்ஸிலோ காடு போர்முனைக்குப் பின்னாலேயே இருந்தது. ஜூரா மலையிலும் வோஜ் மலையிலும் ஊசியிலைக் காடு, தென்மேற்கில் போர்தோ அருகே லாண்ட் பகுதியில் மணற்பாங்கான பைன் காடு. வெட்டவும் அறுக்கவும் தெரிந்த ஆட்கள்தான் போதவில்லை. பிரெஞ்சு இளைஞர்கள் எல்லாரும் பதுங்குகுழியில் இருந்தார்கள்.

1916 பிப்ரவரியில் லண்டனிலிருந்து ஒட்டாவாவுக்குத் தந்தி போனது. 1,500 மரத்தொழிலாளர்களை உடனே திரட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். கனடா 224-ஆவது காட்டுப் பட்டாலியனைத் திரட்டியது. ஏப்ரலில் முதல் அணி இங்கிலாந்தில் இறங்கியது. மே மாதத்தில் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள விர்ஜினியா வாட்டரில் மில் ஓடத் தொடங்கிவிட்டது. தந்தி வந்து மூன்று மாதத்தில் பலகை! அறுவை மில்லை அஸ்திவாரம் போட்டு நிறுத்துவது எவ்வளவு வேலை என்று தெரிந்தவன் என்பதால் எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது. பின்னாலேயே 230, 238, 242 என்று வேறு பட்டாலியன்களும் வந்தன. நவம்பர் 1916-இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கனடியக் காட்டுப் படை என்று தனி அமைப்பே ஆக்கிவிட்டார்கள். போர் முடிகிற நேரத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கனடியர்கள் அதில் இருந்தார்கள். 1,500 பேர் போதும் என்று தொடங்கிய காரியம் இது.

பிரான்ஸில் அவர்கள் விருப்பம்போல் வெட்டிவிட முடியவில்லை. இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. பிரெஞ்சு வனத்துறை போர்நடுவிலும் தன் பிடியை விடவில்லை. எந்த மரம் விழவேண்டும், எது நிற்கவேண்டும் என்று அவர்களுடைய அதிகாரி வந்து குறிபோட்டால்தான் கோடாலி வைக்கலாம். அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி, வெள்ளை மரத்தில் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பதிக்கிற குறி அது. எங்கள் துறையிலும் அதே சுத்தியல் உண்டு. எங்கள் பக்கம் அதை 'ஹேமர் மார்க்' என்றே சொல்வோம். அடித்ததும் பச்சைமரத்தில் எழுத்து பதிகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்திய வனத்துறைக்கு வரவிருந்த ஆங்கிலேய அதிகாரிகளில் பலரை பிரான்ஸின் நான்சி நகரத்து வனப் பள்ளிக்கு அனுப்பித்தான் படிக்கவைத்தார்கள். கனடியர்கள் திணறிய அதே பிரெஞ்சு ஒழுங்குமுறை, அவர்களுக்கு வெகுகாலம் முன்பே நம் காட்டுக்குள் வந்துவிட்டது.

அவர்கள் ஏன் திணறினார்கள் என்றால், கனடாவில் காட்டுக்கு எல்லை தெரியாது. பனிக்காலத்தில் இடுப்பளவு பனியில் நின்று வெட்டிப் பழகியவர்கள், பனிக்கு மேலே வசதியான உயரத்தில் ரம்பம் வைத்துவிடுவார்கள். கோடையில் போய்ப் பார்த்தால் அடிக்கட்டை ஆள் உட்காரும் உயரத்தில் நிற்கும். பிரான்ஸில் அது நடக்காது. தரையோடு தரையாக வெட்டவேண்டும். அடிமரத்தில்தானே பருமன்? ஒரு முழம் உயரத்தில் அடிக்கட்டை விட்டால் மரத்தின் மிகச் சிறந்த பகுதியைக் காட்டிலேயே அழுகவிட்டதாக அர்த்தம். ஆனால் தரையோடு வெட்டுகிறவன் முழங்காலில் நின்று, முதுகை மடித்து, மண்ணும் கல்லும் ரம்பப் பல்லில் படாமல் இழுக்கவேண்டும். வேலை இரண்டு மடங்கு. வெட்டி முடித்தபின் கிளையையும் தழையையும் ஒழுங்காக ஒதுக்கிவைக்கவும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்து எஸ்டேட் உரிமையாளர்களுக்கும் கனடியர்களுக்கும் இதே அடிக்கட்டை உயரத்தில்தான் மனஸ்தாபம் வந்தது. நான் இரு பக்க நியாயத்தையும் பார்க்கிறேன். அவசரத்தில் வந்தவனுக்கு வேகம் முக்கியம், ஐம்பது வருஷம் வளர்த்தவனுக்கு ஒரு சாண் மரமும் முக்கியம்.

மில்லிலும் இதே பேச்சுதான். கனடியர்கள் கொண்டுவந்தது வேகமாக ஓடுகிற பெரிய வட்ட ரம்பம். ஒரு நாளில் அது அறுத்துத் தள்ளுகிற பலகையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் மலைத்துப்போனார்கள். ஆனால் அந்த ரம்பத்துக்குப் பல் கனம். ஒவ்வொரு அறுப்பிலும் அந்தக் கனத்துக்கு மரம் தூளாகப் போகும். ஸ்காட்லாந்துப் பாணிச் சிறிய மில் மெதுவாக ஓடும், தூள் குறைவு. நம் மரவாடிகளில் பட்டை ரம்பம் (நாடா மாதிரி வளையமாக ஓடுகிற மெல்லிய ரம்பம்) வந்தபோது பழைய வட்ட ரம்பக்காரர்களோடு நடந்த வாதம் எனக்கு நினைவு வருகிறது. ஒரு கட்டையில் எத்தனை பலகை வரும் என்ற கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

வேலை எப்படி நடந்தது என்று படத்தில் தெரியாததைக் கொஞ்சம் சொல்கிறேன். அன்று மோட்டார் ரம்பம் இல்லை. மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் கோடாலியால் வாய் வெட்டுவார்கள், விட்டத்தில் கால்பங்கு ஆழத்துக்கு. பிறகு எதிர்ப்பக்கம், அந்த வாயின் அடிமட்டத்தைவிட இரண்டு விரற்கடை உயரத்தில், இருவர் ஆளுக்கொரு பிடியாக நீள ரம்பத்தை இழுப்பார்கள். இதில் தள்ளக்கூடாது. இழுத்துவிட்டு, கூட்டாளி இழுக்கும்போது கையைத் தளர்த்திக் கொடுக்கவேண்டும். தள்ளினால் தகடு நெளியும். உள்ளே போகப்போக மரம் ரம்பத்தின் மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். அப்போது பின்னால் ஆப்பு அடித்து வழி பண்ணுவார்கள். இரண்டு வெட்டும் சேருவதற்கு முன் நடுவில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விடவேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துத் திருப்பி, சொன்ன இடத்தில் விழவைக்கும். அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் யார் பக்கம் திரும்பும் என்று கடவுளுக்கே வெளிச்சம். முதலில் நாரொன்று 'டிக்' என்று விடும் சத்தம், அப்புறம் வரிசையாகப் பத்துப் பதினைந்து சத்தம், அப்புறம் உச்சி அசையும். அந்த முதல் 'டிக்'கில் ரம்பத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் சாய்வாக விலகத் தெரியாதவனைக் கூப்பில் வைத்துக்கொள்ள மாட்டோம். விழுந்த மரத்தைக் குதிரை இழுக்கும், சரிவில் உருளும், சிறு ரயில்பாதையில் மில்லுக்குப் போகும்.

போர்முனைக்கு அருகே இருந்த காடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரத்துக்குள் குண்டுச் சிதறல். வெளியே பட்டை மூடி ஆறிப்போயிருக்கும், உள்ளே இரும்பு. வோஜ் மலையிலும் வெர்தன் பக்கமும் போர் முடிந்து பல தலைமுறை ஆனபிறகும் அந்தக் காட்டு மரம் என்றால் மில்காரர்கள் தயங்கினார்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு தனியார் மரவாடியில் ஒரு வேங்கைக் கட்டை அறுபட்டுக்கொண்டிருந்தது. சாலையோரத்து மரம், எந்தக் காலத்திலோ யாரோ அறிவிப்புப் பலகை மாட்ட அடித்த ஆணி நாலு விரல் ஆழத்தில் இருந்திருக்கிறது. ரம்பத்தின் பாட்டு திடீரென்று மாறியது, ஒரு கீச்சு, பல் ஒன்று பிய்ந்து எதிர்ச்சுவரில் போய்ப் பதிந்தது. இடையில் ஆள் நின்றிருந்தால் அவ்வளவுதான். ஒரேயொரு ஆணிக்கு இந்தக் கதி. குண்டுச் சிதறல் பாய்ந்த காட்டில் மில் ஓட்டியவன் நாள் முழுக்க ரம்பத்தின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

சரி, இவர்கள் சிப்பாய்களா? சட்டப்படி சந்தேகமே இல்லை. ராணுவத்தில் சத்தியம் செய்து சேர்ந்தவர்கள், ராணுவ எண் உடையவர்கள், ராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள். கனடியச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1 டாலர் 10 சென்ட். பதுங்குகுழியில் நின்றவனுக்கும் அதுதான், காட்டில் நின்றவனுக்கும் அதுதான். ஏன் கூலி ஆட்களாக அழைத்துப் போகாமல் சீருடை போட்டார்கள் என்றால், கூலியாள் வேலை பிடிக்கவில்லை என்று கிளம்பிவிடலாம், இன்றைக்கு ஜூரா நாளைக்கு போர்தோ என்று அவனை இடம் மாற்ற முடியாது, எதிரி கையில் சிக்கினால் அவன் நிலை என்ன என்ற கேள்வியும் வரும். தொடக்கத்தில் வயது கடந்தவர்களையும், காலாட்படைக்குத் தேறாத அளவுக்கு உடற்குறை உள்ளவர்களையும் இந்தப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அதனாலேயே "சண்டைக்கு ஆகாதவர்கள்" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. ஆனால் காட்டுவேலையில் நாற்பத்தைந்து வயதுக்காரன் இருபது வயதுக்காரனைத் தோற்கடிப்பதை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ரம்பத்துக்கு வேண்டியது மூச்சும் நிதானமும். 1918 வசந்தத்தில் ஜெர்மனியின் பெருந்தாக்குதல் வந்தபோது, இந்தப் படையிலிருந்த திடகாத்திரமானவர்களைப் பொறுக்கிக் காலாட்படைக்கு மாற்றவும் செய்தார்கள்.

பின்னணியில் வேலை என்பதால் உயிருக்கு உத்தரவாதம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவும் இதே காரணத்துக்காக 10-ஆவது, 20-ஆவது பொறியியல் ரெஜிமென்ட்களைக் காட்டுவேலைக்கென்றே பிரான்ஸுக்கு அனுப்பியது. அவர்களில் ஒரு பகுதியினர் வந்த 'டஸ்கேனியா' கப்பலை 1918 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இறந்த ஏறக்குறைய 200 பேரில் கணிசமானவர்கள் 20-ஆவது ரெஜிமென்டின் மரவெட்டிகள். ஒரு மரத்தைக்கூடத் தொடுவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

இரண்டாம் போரில் கதை திரும்பவும் நடந்தது. 1940-இல் நார்வே விழுந்தது, பிரான்ஸ் விழுந்தது. பிரிட்டனின் சுரங்கங்களுக்கு முட்டுக்கட்டை வந்த வாசல்கள் இரண்டும் அடைபட்டன. கனடா பழைய படையை மறுபடி எழுப்பியது. தளபதியாக வந்த ஜே. பி. ஒயிட் முதல் போரிலும் இதே படையில் இருந்தவர். மொத்தம் 30 கம்பெனிகள், கம்பெனிக்கு ஏறக்குறைய 200 பேர், ஒவ்வொன்றுக்கும் சொந்த மில். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் காடுகளில் முகாம் போட்டார்கள். மரவேலையில் பிரிட்டிஷ் மரத்துறை சொல்வதைக் கேட்கவேண்டும், ஒழுங்கு விஷயத்தில் கனடிய ராணுவத் தலைமை சொல்வதைக் கேட்கவேண்டும். வாரநாட்களில் மரம், சனிக்கிழமை துப்பாக்கிப் பயிற்சி. ஜெர்மானியர்கள் இறங்கினால் அந்தப் பகுதியைக் காக்கும் திட்டத்தில் இவர்களுக்கும் பங்கு இருந்தது. 1944-இல் பத்துக் கம்பெனிகள் ஐரோப்பாவுக்குள் போயின. அந்த டிசம்பரில் ஆர்டென் காட்டில் ஜெர்மனி கடைசிப் பெருந்தாக்குதல் நடத்தியபோது அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள் ரம்பத்தை வைத்துவிட்டுத் தற்காப்புக்கு நிற்கவேண்டி வந்தது.

சீருடை அணிந்தவர்களைச் சொல்கிறபோது, அணியவிடப்படாமலும் அணிந்தும் மதிக்கப்படாமலும் இருந்தவர்களைச் சொல்லாமல் விடமுடியாது. கனடாவின் கறுப்பின இளைஞர்கள் 1914-இலிருந்தே படையில் சேரப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடைசியில் 1916 ஜூலையில் அவர்களுக்கென்று 2-ஆவது கட்டுமானப் பட்டாலியன் என்று ஒன்றை நோவா ஸ்கோஷியாவில் தொடங்கினார்கள். 1917 மார்ச்சில் ஏறக்குறைய 600 பேர் கப்பலேறினார்கள். துப்பாக்கி பிடிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் கையில் கோடாலியைக் கொடுத்து, ஜூரா மலைக்குக் காட்டுப் படையோடு அனுப்பினார்கள். ஒரே காடு, ஒரே மில், ஒரே மழை. ஆனால் தங்குமிடம் தனி, சாப்பாடு தனி. அவர்களுடைய பாதிரியார் வில்லியம் ஒயிட், அந்தக் காலத்தில் அதிகாரிப் பதவி பெற்ற மிகச் சில கறுப்பினத்தவரில் ஒருவர். கனடா அரசு இதற்காக 2022 ஜூலையில்தான் மன்னிப்புக் கேட்டது. அதைக் கேட்க அந்த 600 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

இரண்டாம் போரில் நியூபவுண்ட்லாந்திலிருந்து சுமார் 3,600 பேர் ஸ்காட்லாந்துக்கு மரம் வெட்ட வந்தார்கள். அவர்கள் ராணுவத்தினர் அல்ல, ஒப்பந்தத் தொழிலாளர்கள். மத்திய அமெரிக்காவில் இன்று பெலிஸ் என்று சொல்கிற பிரிட்டிஷ் ஹோண்டுராஸிலிருந்து சுமார் 900 பேர் வந்தார்கள். மகோகனி வெட்டிப் பழகிய வெப்பநாட்டு ஆட்கள். ஸ்காட்லாந்துக் குளிருக்குத் தாங்காத கொட்டகையில் அவர்களைப் போட்டார்கள், அக்கம்பக்கத்துப் பிரபு ஒருவர் அவர்கள் உள்ளூர்ப் பெண்களோடு பழகுகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1943-இல் அந்த அணியையே கலைத்துவிட்டார்கள். 1942-இல் தொடங்கிய பெண்கள் மரப்படையில் கடையிலும் அலுவலகத்திலும் வேலைபார்த்த இளம்பெண்கள் கோடாலி பிடித்தார்கள். அவர்களுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு சிலை வைக்க 2007 ஆகிவிட்டது.

உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டியதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தேதிகள், பட்டாலியன்கள், இடங்கள் ஆவணத்தில் இருப்பவை, அவற்றில் தகராறு இல்லை. ஆனால் "மேற்குப் போர்முனையில் நேசநாட்டுப் படைகள் பயன்படுத்திய மரத்தில் 70 சதவீதத்தைக் கனடியர்களே வெட்டினார்கள்" என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். மரக்கணக்கு எழுதியவன் என்ற முறையில் இந்த எண்ணிக்கையை நான் அப்படியே ஏற்கமாட்டேன். நின்ற மரத்தின் கன அளவா, உருட்டுக்கட்டையா, அறுத்த பலகையா? ஒரே மரத்தை இந்த மூன்று விதத்திலும் அளந்தால் மூன்று விடை வரும், முதலுக்கும் கடைசிக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம்கூட வரலாம். பிரெஞ்சு ராணுவமே தனக்காக வெட்டிக்கொண்டது அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. பெரும்பங்கு அவர்களுடையது என்று சொன்னால் போதும். பிரிட்டனில் முதல் போரில் சுமார் 4,50,000 ஏக்கர் காடு வெட்டப்பட்டது என்பதும் மதிப்பீடுதான். ஆனால் அந்தக் காயம் உண்மை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. போர் முடிந்த மறுவருடமே, 1919-இல், பிரிட்டன் மரம் வளர்ப்பதற்கென்றே வன ஆணையத்தை அமைத்தது. அதன் முதல் தலைவர் லொவாட் பிரபு. பிரான்ஸில் பிரிட்டிஷ் படைக்கு மரம் வெட்டும் வேலையை இயக்கியவரும் அவர்தான்.

பின்னூட்டத்தில் இன்னொருவர், நம் ஆட்கள் யாராவது இதில் உண்டா என்று கேட்டிருந்தார். 1917-இல் இந்தியத் தொழிலாளர் படை என்று ஏறத்தாழ 50,000 பேர் பிரான்ஸுக்குப் போனார்கள். நாகா, மிசோ, காசி, சந்தால், ஒராவோன் என்று மலைமக்களும் பழங்குடிகளும் அதில் அதிகம். சாலை, துறைமுகச் சரக்கு, மரம் எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. தமிழர்களுக்கு நேரடியான தொடர்பு இதைவிடக் கொடிய ஓர் இடத்தில் இருக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை. நேசநாட்டுப் போர்க்கைதிகளும், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்களும் அங்கே காட்டை வெட்டி, அந்த மரத்தையே தூணாக நட்டுப் பாலம் கட்டினார்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் கல்லறையும் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் என்று எழுதிவைத்தவர் இல்லை, பல பத்தாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களைச் சிப்பாய் என்று யாரும் அழைக்கவில்லை. சிப்பாய் என்று பதிவாகியிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும். உங்கள் இரண்டாவது கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறுக்காக வைத்த இரண்டு கோடாலியும் ஒரு மரமும் தெரிந்தால் அது காட்டுப் படைதான். 224, 230, 238, 242 என்ற எண்களில் ஏதாவது தெரிந்தால் தொடக்ககாலப் பட்டாலியன். படத்தின் பின்பக்கம் பெயரோ ராணுவ எண்ணோ எழுதியிருந்தால், முதல் போரில் பணியாற்றிய கனடியர்களின் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகளைக் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அங்கே தேடலாம். கோப்பின் முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மரக்குவியல் படத்தையும் முடிந்தால் இங்கே பெரிதாகப் போடுங்கள். கட்டையின் வெட்டுமுகமும் பட்டையும் தெரிந்தால் ஊசியிலை மரமா, ஓக்கா, பீச்சா என்று என்னால் ஓரளவு சொல்லமுடியும். அதை வைத்து ஜூராவா லாண்ட் பகுதியா என்று நெருங்கலாம்.